புல்லு மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்க ஃப்ளாட்டுக்குப் பின்னால ஒரு லொங்காங் (மழைத்தண்ணி வடிகால்) ஓடுது, அதோட கரையில வல்லாரை காடு மாதிரி மண்டிக் கெடக்கும், யாரும் நட்டது இல்ல, தானா வந்தது. மூணாவது மாடியில இருக்கிற அக்காவுக்கு எழுபது வயசு தாண்டிருச்சு, வாரத்துல ரெண்டு நாளு ஒரு பிளாஸ்டிக் கூடையத் தூக்கிட்டு எறங்கி வந்து கரையில குத்துக்கால் போட்டு உக்காந்து பறிப்பாங்க, தொவையல் அரைச்சா எனக்கும் ஒரு கிண்ணத்துல வரும். போன மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில அவங்க பறிச்சிட்டு இருந்தப்ப நான் செருப்புகூடப் போடாம ஓடிப்போயி அவங்க கையப் பிடிச்சு நிறுத்த வேண்டியதாப் போச்சு, ஏன்னா முந்தின நாள் சாயங்காலம் முதுகுல பம்பு மாட்டின ஒரு பையன் அந்தக் கரை முழுக்க புல்லக் கொல்ற மருந்து அடிச்சிட்டுப் போனத நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். அக்கா கூடையப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "எலையெல்லாம் பச்சப்பசேல்னு இருக்கேம்மா, மருந்து அடிச்சிருந்தா இந்நேரம் கருகியிருக்காதா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு நான் அங்கயே சொன்ன பதில் பாதிதான். மீதியையும் சொல்லணும்னுதான் இந்தக் கடிதம், அக்காவுக்கு மட்டும் இல்ல, தோட்டத்துல இருந்து எறங்கி வந்து இப்ப தாமான்லயும் (குடியிருப்புலயும்) ஃப்ளாட்டுலயும் இருக்கிற நம்ம மலேசியத் தமிழ்ச் சனங்க எல்லாருக்கும். நான் ஒரு இடைநிலைப்பள்ளியோட சயின்ஸ் லேப்ல 27 வருஷம் உதவியாளரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, எங்க அம்மா தோட்டத்துல மருந்து அடிச்சவங்க, அதனால இந்த விஷயத்த ரெண்டு பக்கத்துல இருந்தும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மருந்துன்னா கருகணும்னு அக்கா நெனச்சதுல தப்பே இல்ல. அவங்க பழகின மருந்து பாராகுவாட். காலையில அடிச்சா சாயங்காலத்துக்குள்ள புல்லு சுருண்டு மறுநாளு காஞ்ச வைக்கோல் மாதிரி ஆயிரும், வெயில் நல்லா அடிச்சா இன்னும் சீக்கிரம். ஏன் வெயில்ல சீக்கிரம்னா, எலைக்குள்ள சூரிய வெளிச்சம் பட்டதும் எலெக்ட்ரான் ஒரு எடத்துல இருந்து அடுத்த எடத்துக்குக் கைமாறிப் போயிட்டே இருக்கும், அதுலதான் செடி தன்னோட சாப்பாட்டத் தயார் பண்ணுது, பாராகுவாட் நடுவுல பூந்து அந்த எலெக்ட்ரானப் பிடுங்கிப் பக்கத்துல இருக்கிற ஆக்ஸிஜன் கையில குடுத்துட்டு மறுபடி வெறுங்கையோட வந்து நிக்கும், மறுபடி பிடுங்கும், மறுபடி குடுக்கும், வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இது ஓயாது. எலெக்ட்ரான வாங்கின ஆக்ஸிஜன் சும்மா இருக்காது, சூப்பர் ஆக்ஸைடுன்னு ஒன்னா மாறி செல்லச் சுத்தியிருக்கிற மெல்லிய சவ்வக் கிழிக்க ஆரம்பிச்சிரும், உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்து எலை வதங்கிரும். நாம பாக்கிற கருகல் அதுதான்.

இந்தப் பொருள முதல்ல 1882லயே செஞ்சிட்டாங்க, ஆனா அது புல்லக் கொல்லும்னு கண்டுபிடிச்சது 1955ல, இங்கிலாந்துல ஐசிஐ கம்பெனியோட ஆராய்ச்சி நிலையத்துல. 1960கள்ல நம்ம ஊரு தோட்டங்களுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னால கித்தா (ரப்பர்) தோட்டத்துல லாலாங்ங்கிற களைப் புல்லக் கொல்ல சோடியம் ஆர்செனைட் அடிச்சாங்க, அது பச்சை பாஷாணம், அத வச்சுப் பாத்தா புதுசா வந்தது நல்லதாத்தான் தெரிஞ்சிருக்கும். இன்னொரு காரணமும் சொன்னாங்க, பாராகுவாட் மண்ணுல விழுந்ததும் களிமண்ணோட இறுக்கமா ஒட்டிக்கும், அதுக்கு பாசிடிவ் சார்ஜ், களிமண்ணுக்கு நெகடிவ் சார்ஜ், ஒட்டினப்புறம் வேருக்கும் போகாது தண்ணிக்கும் சட்டுனு போகாது. உண்மைதான், ஆனா ஒட்டினது அழிஞ்சு போறது இல்ல, வருஷக்கணக்கா அங்கயே இருக்கும், மண்ணு அடிச்சிட்டுப் போனா அதோட சேர்ந்து ஆத்துக்கும் போகும்.

மண்ணப் பத்தி அவ்வளவு கணக்குப் போட்டவங்க பம்பத் தூக்கினவங்களப் பத்தி ஒரு கணக்கும் போடலியேங்கிறதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத விஷயம்.

எங்க அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல 1974ல இருந்து 1993 வரைக்கும் மருந்து அடிச்சாங்க. விடியக்காலம் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போவாங்க, மண்டோர், அதான் மேஸ்திரி, பேர் கூப்பிடுவாரு, ஆம்பளைங்களுக்குக் குலை வெட்டு, பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் மருந்து. 18 லிட்டர் பம்பு, தண்ணியும் மருந்தும் சேர்ந்தா ஒரு வளந்த புள்ளையத் தூக்கிட்டு நடக்கிற கனம். அளவு பாக்கிறது ஒரு பழைய பால் டின்னுல, கலக்கிறது பக்கத்துல கெடக்கிற குச்சியில, பம்பு மூடி சரியா மூடாது, நடக்க நடக்க ஒழுகி முதுகுத் துணி நனஞ்சு இடுப்பு வரைக்கும் எறங்கும். மரத்தச் சுத்தி வட்டமா அடிச்சிட்டு அடுத்த மரம், நிரை முடிஞ்சா அடுத்த நிரை. கையுறை ஒரு தடவ குடுத்தாங்களாம், அந்த வெக்கையில உள்ள வேர்த்து வழுக்குதுன்னு யாரும் போடல, கிழிஞ்சப்புறம் வேற குடுக்கவும் இல்ல.

அம்மாவோட வலது கட்டைவிரல் நகம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முதல்ல குறுக்கால ஒரு வெள்ளைக் கோடு விழுந்துச்சு, அப்புறம் நகம் முழுக்க மஞ்சளாகி அடியில இருந்து தூக்கிக்கிச்சு, ஒரு நாளு எனக்குத் தலை சீவி விடும்போது மயிருல மாட்டி நகம் கழண்டு சீப்போட வந்துருச்சு, அம்மா அதக் கையில வச்சுப் பாத்துட்டு அடுப்புக்குள்ள போட்டுட்டு மிச்சத் தலையையும் சீவி ரிப்பன் கட்டி விட்டாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. காலையில தலகாணி உறையில ரத்தம் இருக்கும், மூக்குல இருந்து. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கிட்ட போனா சூடு, தண்ணி நெறைய குடின்னு ரெண்டு வெள்ளை மாத்திரை குடுத்து அனுப்புவாரு. பல வருஷம் கழிச்சு லேப்ல இருந்த ஒரு புஸ்தகத்துல பாராகுவாட் அடிக்கிறவங்களுக்கு நகம் பழுதாகும், மூக்குல ரத்தம் வரும்னு ஒரே வரியில போட்டிருந்தத நான் நின்னுக்கிட்டே படிச்சேன், அன்னிக்கு என்னால வேலை பாக்க முடியல, லீவு சொல்லிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா அப்ப உயிரோட இருந்தாங்க. அவங்க கிட்ட சொன்னேன். "அப்ப யாருமே சொல்லலியே"ன்னு மட்டும் சொன்னாங்க.

அந்த மருந்தோட மிகக் கொடுமையான பக்கம் வாய்க்குள்ள போனா நடக்கிறது. எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒருத்தரு மிச்ச மருந்த வீட்டுத் தேவைக்குன்னு ஆரஞ்சு பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தாரு, அவரோட தம்பி வேலை விட்டு வந்த தாகத்துல இருட்டுல எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டுத் துப்பிட்டான், துப்பினதோட சரியாப் போச்சுன்னு எல்லாரும் நெனச்சோம், ரெண்டு நாளு நல்லாத்தான் பேசிட்டு இருந்தான். ஒன்பதாவது நாளு போயிட்டான். எலையில நடக்கிற அதே கூத்துதான் நுரையீரல்ல நடக்குது, நுரையீரல் செல்லு அந்த மருந்த உடம்போட பொருள்னு நெனச்சு உள்ள இழுத்துக்கும், அங்கதான் ஆக்ஸிஜனும் ஏராளமா இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா நுரையீரல் தழும்பாகி இறுகிரும். மூச்சு முட்டுதேன்னு ஆக்ஸிஜன் வச்சா அதுவே இன்னும் கேடாகலாம். மாத்து மருந்து இன்னிக்கு வரைக்கும் இல்ல. நீலச் சாயம், நாத்தம், வாந்தி வர வைக்கிற பொருள் எல்லாம் பின்னால சேத்தாங்க, பாட்டில் மாத்தி ஊத்துற பழக்கம் இருக்கிற வரைக்கும் அதுல எவ்வளவு தடுக்க முடியும் சொல்லுங்க.

நம்ம நாட்டுல 2002ல பாராகுவாட்ட நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க, 2006ல அதத் தளத்திட்டாங்க, கடைசியில 2020 ஜனவரி 1ல தான் முழுசா தடை ஆச்சு. ஸ்வீடன் 1983லயே தடை பண்ணின மருந்து இது. இதுக்காகக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவங்க நம்ம ஊருலயே இருந்தாங்க, பினாங்கு பயனீட்டாளர் சங்கம், கோலாலம்பூர்ல தெனாகானித்தாங்கிற பெண்கள் அமைப்பு, தோட்டத்துப் பொம்பளைங்க சொன்னத உக்காந்து கேட்டு எழுதினவங்க. தெனாகானித்தாவோட ஐரின் பெர்னாண்டஸ் 2014ல காலமாயிட்டாங்க, பயனீட்டாளர் சங்கத்து எஸ்.எம். முகமட் இட்ரிஸ் ஐயா 2019 மே மாசம் போயிட்டாரு, தடை வந்த அன்னிக்கு ரெண்டு பேருமே இல்லங்கிறது எனக்கு ரொம்ப வருத்தம்.

இப்ப எங்க லொங்காங் கரைக்கு வரேன். அன்னிக்கு அடிச்சது பாராகுவாட் இல்ல, கிளைபோசேட்ங்கிற வேற புல்லு மருந்து. எப்படித் தெரியும்னா அந்தப் பையன் மறுபடி லோரிக்கு வந்தப்ப நான் எறங்கிப்போயி கேட்டேன். வங்காளதேசத்துப் பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும், காலுல ரப்பர் செருப்பு, மூஞ்சியில பழைய டீசட்ட ஒன்னு சுத்தியிருக்கான், கையில ஒன்னும் இல்ல. என்ன மருந்துப்பான்னு மலாய்ல கேட்டா "ராச்சுன் ரும்புட்"ங்கிறான், புல்லு விஷம், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அவன் இடுப்புப் பையில மினரல் வாட்டர் பாட்டில் ஒன்னு, உள்ள தேன் மாதிரி மஞ்சளா ஏதோ, அதே பையில அவன் குடிக்கிற தண்ணி பாட்டிலும் இருந்துச்சு, ரெண்டும் ஒரே சைஸு, ஒரே மூடி. எனக்கு அந்த ஒன்பது நாளும் அப்படியே கண்ணு முன்னால வந்துருச்சு. லோரியில இருந்த பெரிய டின்னுல லேபிள் இருந்துச்சு, கிளைபோசேட் ஐசோப்ரொப்பைலமைன் 41 சதவீதம்னு. அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவன் நிக்கிற எடத்துலதான் எங்கம்மா நின்னாங்க, என் கிட்ட இருந்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி குடுத்தேன், பாட்டில் மேல மார்க்கர்ல பெருசா கிராஸ் போட்டுக் குடுத்தேன்.

காண்ட்ராக்டருக்குப் போன் பண்ணினா "அக்கா அது ஒன்னும் பண்ணாதுக்கா, உப்பு மாதிரிதான்"னு வச்சிட்டாரு. நானும் நியாயமாவே பேசுறேன், கிளைபோசேட் பாராகுவாட் மாதிரி ஒரு வாயில உயிரக் குடிக்கிற சாமான் இல்ல. அது வேலை செய்யிற விதமே வேற. செடிக்கு ஃபினைல்அலனைன், டைரோசின், டிரிப்டோஃபான்னு மூணு அமினோ அமிலம் தானே செஞ்சுக்கணும், அதச் செய்யிற பாதையில ஒரு என்ஸைம் இருக்கு, கிளைபோசேட் போயி அந்த என்ஸைம அடைச்சிக்கும். அந்தப் பாதை நம்ம உடம்புல கெடையாது, நாம அந்த மூனையும் சாப்பாட்டுல இருந்து எடுத்துக்கிறோம், அதனாலதான் மனுஷனுக்கு ஒன்னும் ஆகாதுன்னு 1974ல சந்தைக்கு வந்ததுல இருந்து சொல்லிட்டு வராங்க. 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இது மனுஷனுக்கு அநேகமா புற்றுநோய் உண்டாக்கலாம்னு 2ஏங்கிற பட்டியல்ல சேத்துச்சு, அமெரிக்காவோட சுற்றுச்சூழல் துறையும் ஐரோப்பாவோட உணவுப் பாதுகாப்பு அமைப்பும் அப்படி இல்லங்கிறாங்க. அந்த வழக்கத் தீக்கிற அளவுக்கு நான் படிச்சவ இல்ல. நான் கேக்கிறது அதவிடச் சின்ன விஷயம்.

கிளைபோசேட் எலையக் கருக்காது. எலை வழியா உள்ள எறங்கி, செடி தன் சக்கரைய எந்தக் கொழாயில அனுப்புதோ அதே கொழாயில வேருக்கும் கொழுந்துக்கும் போயி உக்காரும். செடிக்குப் பசி எடுக்கிறதுக்கு நாளாகும், ரெண்டு நாளு, நாலு நாளு, சில செடிக்குப் பத்து நாளுக்கு மேலயும். அது வரைக்கும் எலை நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கும்.

நான் அன்னிக்கு ஒரு வல்லாரைக் கொடிய வேரோட பிடுங்கி ஜாம் பாட்டில்ல தண்ணியில போட்டு ஜன்னல் ஓரமா வச்சேன். வெள்ளிக்கிழமை அப்படியே இருந்துச்சு, சொல்லப்போனா மழைத்தண்ணி பட்ட மாதிரி பளபளன்னு. ஞாயித்துக்கிழமை கொடி நுனியில ஒரு புதுக் கொழுந்து விரிஞ்சிச்சு, அது பச்சையா வரல, வெளுத்த மஞ்சளா வந்துச்சு, பழைய எலையெல்லாம் அப்பவும் பச்சைதான். அடுத்த புதன்கிழமைதான் எல்லா எலையும் ஓரத்துல இருந்து மஞ்சளாச்சு. அதே நேரம் கீழ கரையும் மஞ்சளாச்சு, அடிச்சு முழுசா ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அந்த எலை பறிச்சு அரைக்கத் தோதாத்தான் தெரிஞ்சிச்சு. அக்கா கேட்டதுக்கு இதுதான் மீதிப் பதில். மருந்து எலைக்கு உள்ள இருக்கிறதால கழுவினாலும் போகாது, மஞ்சத்தண்ணியில அலசினாலும் போகாது, அடுப்புல கொதிக்கிறதுலயும் அழியாது. அதுல எவ்வளவு உள்ள போகும், போனா என்ன ஆகும்ங்கிறது வேற கேள்வி, ஆனா சாப்பிடறதா வேணாமான்னு முடிவு பண்ற உரிமை அந்த அக்காவுக்கு இல்லியா? நம்ம சனங்க லொங்காங் கரையில வல்லாரை மட்டுமா பறிக்கிறாங்க, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, குப்பைமேனி, சளிக்குத் தூதுவளை, முயலுக்குப் புல்லு, வெள்ளிக்கிழமை சாமிக்கு அருகம்புல்லு.

தண்ணியப் பத்தியும் ஒரு வார்த்தை. எங்க ஊருல மழை எப்ப வரும்னு கேக்கவே வேணாம், அன்னிக்கும் ராத்திரி ஊத்துச்சு. கிளைபோசேட் மண்ணுல நல்லா ஒட்டிக்கிற சாமான்தான், கிருமிங்க அத மெல்ல மெல்ல உடைக்கவும் செய்யும், ஆனா லொங்காங் கரையில மண்ணு எங்க இருக்கு, ஒரு ஜான் அகலம், அதுக்கு அந்தப் பக்கம் சிமெண்டு, நேரா தண்ணிதான். அதோட மருந்துல எலையில ஒட்டுறதுக்குன்னு ஒரு சோப்பு மாதிரி பொருள் சேப்பாங்க, பழைய வகை சோப்பு சிலது கிளைபோசேட்ட விட மீனுக்கும் தலப்பிரட்டைக்கும் அதிக விஷம். எங்க லொங்காங் தண்ணி கடைசியில சுங்கை ஜூருவுக்குப் போகுது, அந்த ஆத்து முகத்துலதான் கேராங் சிப்பி வளத்தாங்க, ஏற்கெனவே அந்த ஆறு பட்ட பாடு பினாங்குக்காரங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் பண்ணி புல்லாவது சாகுதான்னா அதுவும் இல்ல. தெலுக் இந்தான்ல ரும்புட் சம்பாவ் புல்லு கிளைபோசேட்டுக்குச் சாகாம நின்னத 1990களோட கடைசியிலயே நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சிட்டாங்க, உலகத்துலயே அந்தப் புல்லு அப்படி மாறினதா வந்த முதல் செய்தி அது. ஒரே மருந்த வருஷத்துக்குப் பல தடவ அடிச்சா தப்பிச்ச விதை மட்டும் பெருகும், அவ்வளவுதான் கணக்கு. எங்க பிளேகிரவுண்டு ஓரத்துலயும் இப்ப அந்தப் புல்லுதான் சிமெண்டு வெடிப்புல கெத்தா நிக்குது, வல்லாரைதான் போச்சு.

அதனால ஃப்ளாட்டு, தாமான் நிர்வாகம் பாக்கிறவங்களையும் காண்ட்ராக்டர்களையும் இந்தப் பத்திரிகை மூலமா நான் கேக்கிறது இதுதான். அடிக்கிறதுக்கு ஒரு நாளு முன்னாடி லிஃப்ட் பக்கத்துல ஒரு போர்டு வைங்க, என்ன மருந்து, எந்தத் தேதி, எந்த எடம்னு, மலாய்லயும் தமிழ்லயும் சீனத்துலயும் எழுதுங்க, படிக்கத் தெரியாத வயசானவங்களுக்காக அடிச்ச கரையில செவப்பு ரிப்பன் ஒன்னு கட்டுங்க, புல்லு முழுசாக் காயிற வரைக்கும் அந்த ரிப்பன் அங்கயே இருக்கட்டும். புள்ளைங்க விளையாடுற எடத்துலயும் லொங்காங் கரையிலயும் மருந்தே வேணாம், மிஷின் வச்சு வெட்டுங்க, செலவு கூடும்னு தெரியும், எங்க ஃப்ளாட்டுல பேசிப் பாத்தேன், மாசம் 2 ரிங்கிட் கூடக் குடுக்க நெறைய பேரு தயார். வேலைக்கு வர பையங்களுக்கு பூட்ஸும் கையுறையும் குடுங்க. மருந்த ஒரு போதும் குடிக்கிற பாட்டில்ல ஊத்தாதீங்க, இது வீட்டுல வச்சிருக்கிறவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். பழைய தோட்ட வீட்ட காலி பண்ணி வந்தப்ப சாமானோட சாமானா ஏதாவது நீலத்தண்ணி பாட்டில் வந்து ஸ்டோர்ல கெடந்தா தயவு செஞ்சு தொறக்காதீங்க, லொங்காங்லயும் ஊத்தாதீங்க, பூட்டி வச்சிட்டு விவசாய இலாகாவுக்குப் போன் பண்ணி என்ன செய்யணும்னு கேளுங்க.

எங்க ஃப்ளாட்டு கூட்டம் அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை. ஜாம் பாட்டில்ல இருந்த கொடிய காய வச்சு ஒரு அட்டையில ஒட்டி, ஒவ்வொரு எலைக்குப் பக்கத்துலயும் தேதி எழுதி வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போறேன். அக்காவும் வரேன்னு சொல்லியிருக்காங்க. வல்லாரைக்கு இப்ப அவங்க வீட்டு பால்கனியில ரெண்டு பெயிண்ட் டின்னுல மண்ணு போட்டு வச்சிருக்கோம், நாத்து நிபோங் திபால்ல எங்க சின்னம்மா வீட்டுக் கொல்லையில இருந்து கொண்டாந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.